அண்டைக்கு என்ன கறி?

பெரிய சாமி எந்த ஊருக்குப் போனாலும் வயதானவர்களிடம் வருடம் கேட்கமாட்டார். கோயில் எப்போது கட்டியது, எந்தச் சாமியார் காலத்தில் கூரை போட்டது என்றும் கேட்கமாட்டார். பாயோ கதிரையோ, கொடுத்த இடத்தில் உட்கார்ந்து, தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "அண்டைக்கு என்ன கறி?" என்றுதான் தொடங்குவார்.

ஒருமுறை பருத்தித்துறையில், புயலில் கூரை பறந்த ஒரு பழைய கோயிலைப் பற்றி விசாரிக்கப் போனோம். அந்தப் புயலைக் கண்ணால் கண்ட கிழவர் ஒருவர் மட்டும் அப்போது உயிரோடு இருந்தார். பெரிய சாமி வழக்கம்போலக் கேட்டதும் கிழவர் உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

"பிள்ளை, சாமிக்குப் பசிக்குதாம். சோத்தைப் போடு."

"இல்லை அப்பு. கூரை பறந்த அண்டைக்கு உங்கடை வீட்டிலை என்ன கறியெண்டு கேக்கிறன்."

கிழவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். "கறி எங்காலை சாமி? வள்ளம் இறக்கிக் கனநாள். ஒடியல் கூழ்தான். அதுக்குள்ளை போட ஒரு நண்டுக்கால்கூட இல்லை. அம்மா பயத்தங்காயை முறிச்சுப் போட்டுக் காய்ச்சினவ. நான் குடிக்கமாட்டனெண்டு அழுதனான்."

அங்கிருந்து கதை தானாக ஓடியது. கூழ் குடித்த சட்டி, சட்டியை எடுத்துக்கொண்டு ஓடிய பக்கத்து வீடு, பக்கத்து வீட்டுச் சுவர் விழுந்த பக்கம். திரும்பி வரும்போது காரில் பெரிய சாமி சொன்னார்: "புத்தகத்திலை ஆடி மாசத்துச் சோளகக் காத்து எண்டு எழுதிக் கிடக்கு. சோளகத்திலை இவை வள்ளம் இறக்காமல் இருக்கிறேல்லை. இது மாரிப் புயல். வருசம் கேட்டால் ஆக்கள் தங்களுக்குப் பிடிச்ச வருசத்தைச் சொல்லுவினம். கறிக்கு ஏன் பொய் சொல்லப்போகினம்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் கார் ஓட்டுபவன்.

அவர், அர்ச். ஆசீர்வாதப்பர் என்ற பழைய காலத்துப் புனிதரின் ஒழுங்கைக் கைக்கொள்ளும் ஒரு மடத்துக்குத் தலைவர். மடாதிபதி என்பது எழுத்தில். நாங்கள் பெரிய சாமி என்றுதான் சொல்வோம். உரோமாபுரியில் படித்தவர். எங்கள் பகுதிக் கோயில்களின் வரலாற்றைப் பறங்கியர் காலத்தில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதியதைப் பற்றிச் சொல்லப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்பு. அவர் என் விஷயத்தில் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் கடற்கரையில் பிறந்தவன். ஆனால் கடலில் ஆட்கள் சத்தம் போட்டுத்தான் பேசவேண்டும். வலை இழுக்கும்போது கத்தாத ஆளை யாரும் கூட்டிப்போக விரும்பமாட்டார்கள். என்னை 'ஊமைக் கணவாய்' என்று கூப்பிட்டார்கள். மடத்தில் வேலைக்கு ஆள் தேவை என்றும் அங்கே அதிகம் கதைக்கத் தேவையில்லை என்றும் கேள்விப்பட்ட அன்றே போய் நின்றேன். தோட்டம் கொத்தினேன். மருதனார்மடச் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோனேன். பிறகு பெரிய சாமியே என்னைக் கார் பழகவிட்டார்.

சாப்பாட்டு மேசையில் அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. ஒருவர் புத்தகம் வாசிப்பார், மற்றவர்கள் கேட்டபடி சாப்பிடுவார்கள். உப்பு வேண்டுமென்றால் இரண்டு விரலைத் தேய்க்கவேண்டும். சோறு வேண்டுமென்றால் கையைக் குவிக்கவேண்டும். போதும் என்றால் உள்ளங்கையை வயிற்றில் வைக்கவேண்டும். பரிமாற நிற்கும் எனக்கும் அந்தச் சைகை எல்லாம் பழகிவிட்டது. இதுதான் எனக்குச் சரியான இடம் என்று நினைத்தேன். வாலிபம் அப்படியே போய்விட்டது. எனக்கு அதில் குறை இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பூசை லத்தீனில் இருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. எங்கள் கரையில் இருந்த ஒரு விதவைத் தாய் தன் மகளுக்கு என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார். அந்தப் பிள்ளை கன்னியர் மடத்தில் தையல் படிப்பித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட நன்றாக இளையவள். அவளுக்கு இரண்டு தமையன்மார். மூத்தவருக்கு இதில் விருப்பமில்லை. இயந்திரம் பூட்டிய வள்ளம் வைத்திருந்த தன் சிநேகிதனுக்குக் கொடுக்கவேண்டும் என்று நின்றார். ஆனால் பிள்ளை சொன்னாளாம்: "கதைக்காத ஆள் நல்லம். அண்ணைமார் கதைக்கிறது எங்கடை வீட்டுக்குக் காணும்." அதைக் கேள்விப்பட்ட நாளில் இருந்து எனக்கு அவளைத் தவிர வேறு எண்ணம் இல்லை. முப்பது வயதும் கடந்த பிறகு ஒரு மனிதனுக்கு இப்படி ஆகும் என்று நான் அறிந்திருக்கவில்லை.

தாய் என்னைத் தேடியதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தப் பிள்ளை பிறந்தபோது, மீசை அரும்பாத பையனாக நான் பக்கத்தில் இருந்தேன். எங்கள் ஆட்கள் மீன்பிடிக் காலத்தில் தீவுப் பக்கம் வாடி போட்டுக் குடும்பத்தோடு தங்குவார்கள். அங்கே அவள் மாதம் முந்திப் பிறந்தாள். அழவில்லை, நீலமாகக் கிடந்தாள். ஆண்கள் எல்லாரும் கடலில். குருவானவர் இருந்த ஊருக்கு வள்ளத்தில் போகவேண்டும், வள்ளம் இல்லை. எனக்குக் கை வெட்டுக் காயம், அதனால் கரையில் நின்றேன். ஞானோபதேசத்தில் ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுக்கும் முறையை எங்கள் எல்லாருக்கும் சொல்லித்தந்திருந்தார்கள். தாய் அழுதபடி சொல்லச் சொல்ல, நான் பிள்ளையின் தலையில் ஊற்றி மந்திரத்தைச் சொன்னேன். பிள்ளை தும்மியது. பிறகு அழுதது. எங்கள் கரையில் அது ஒரு புதுமைபோலப் பேசப்பட்டது. ஊருக்குத் திரும்பியதும் அந்தக் காலத்துச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, சொன்ன மந்திரத்தைத் திரும்பச் சொல்லவைத்தார். சரி என்றார். பிள்ளைக்கு எண்ணெய் மட்டும் பூசி, மற்றச் சடங்குகளை முடித்தார்.

கலியாண விசாரணைக்குப் பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் புதிதாக வந்தவர், நல்லவர், எதையும் சட்டப்படி பார்ப்பவர். தாய் பெருமை தாங்காமல் அந்தக் கதையைச் சொன்னார். "என்ரை பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்ததே இவர்தான் சாமி!"

சாமியார் பேனையை மேசையில் வைத்தார்.

"அப்ப இந்தக் கலியாணம் செய்ய ஏலாது."

ஞானஸ்நானம் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் ஞான உறவு உண்டாகிறது, அது தகப்பன் மகள் உறவுபோல, திருச்சபைச் சட்டத்தில் அது விவாகத்துக்குத் தடை என்று விளங்கப்படுத்தினார். மேற்றிராணியாரிடம், அதாவது ஆயரிடம், விலக்குக் கேட்கலாம், கிடைக்கவும் கூடும் என்றார். ஆனால் அதற்குள் மூத்த தமையன் எழுந்துவிட்டார்.

"விலக்குத் தந்தால் மட்டும்? ஞானத் தகப்பன் மாப்பிள்ளையாகினதை எங்கடை கரையிலை ஆரும் கேள்விப்பட்டதில்லை. நாளைக்குச் சந்தையிலை எங்கடை முகத்திலை முழிப்பாங்களோ? அம்மா, எழும்பணை."

தாய் எழும்பவில்லை. மகன் கையைப் பிடித்துத்தான் எழுப்பவேண்டியிருந்தது. பிள்ளை என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தபசு காலத்தில் கலியாணம் இல்லை. அதற்கு முன்னால் அந்த வள்ளக்காரனுக்கே முடித்துவிடுவது என்று தமையன் சொல்லித் திரிவதாக எனக்குச் செய்தி வந்தது.

பெரிய சாமியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் மருதனார்மடச் சந்தியில் நான் கியர் மாற்றியபோது கார் கத்திய கத்தலில், பின்னால் நித்திரையாக இருந்தவர் எழும்பிவிட்டார்.

"காரை உந்தப் பக்கம் நிப்பாட்டு. இப்ப சொல்லு."

சொன்னேன். நான் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்தது அதுதான் முதல் தடவை. அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. முடிவில், "தாயையும் பிள்ளையையும் மடத்துக்கு வரச்சொல்லு. அந்தக் கோவக்காரத் தமையனும் வரட்டும்" என்றார்.

அடுத்த கிழமை வந்தார்கள். மூவரும் விருந்தினர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றபோது, பெரிய சாமி ஒரு செம்பில் தண்ணீரும் தோளில் ஒரு துவாயுமாக வந்தார். ஆசீர்வாதப்பரின் ஒழுங்கில் அப்படி ஒரு விதி. வரும் விருந்தாளியின் கையில் மடாதிபதியே தண்ணீர் ஊற்றவேண்டும். வருபவரில் கிறிஸ்துநாதரைக் காணவேண்டுமாம். தாய்க்கு அது தெரியாது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஐயோ சாமி! மீன் வெட்டின கை சாமி!"

"அதுக்குத்தானேயம்மா தண்ணி. நீட்டுங்கோ."

தமையன் கையை நீட்டியபோது அவருடைய முகத்தில் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. பெரிய சாமி துடைத்தும் விட்டார். பிறகு எல்லாரையும் வாங்கில் இருத்தி, தேத்தண்ணி வரவழைத்தார். நான் யன்னலோடு ஒட்டி நின்றேன். ஞான உறவு, சட்டம், விலக்கு ஒன்றையும் அவர் எடுக்கவில்லை.

"அம்மா, இந்தப் பிள்ளை பிறந்த அண்டைக்கு வாடியிலை என்ன கறி?"

தாய் மகனைப் பார்த்தார். மகன் கூரையைப் பார்த்தார்.

"கறியோ சாமி? நான் நோவிலை கிடந்தனான். அடுப்பே மூட்டேல்லை. முதல்நாள் திருக்கை வறை கொஞ்சம் கிடந்தது. அதையும் நாய் திண்டிட்டுது."

"அப்ப நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லை."

"என்னத்தைச் சாப்பிடுறது? மருத்துவிச்சிக் கிழவி ஒரு இளனி வெட்டித் தந்தவ. அதிலை ரெண்டு மிடறு குடிச்சன்."

"ஏன் தண்ணி குடிக்கேல்லை?"

"தண்ணி எங்கை சாமி அங்கை? குடிதண்ணி இஞ்சாலை இருந்து வள்ளத்திலைதான் வரவேணும். அண்டைக்கு வள்ளம் வரேல்லை. பானை காய்ஞ்சு கவிட்டுக் கிடந்தது."

பெரிய சாமி கோப்பையை மெல்ல வாங்கில் வைத்தார்.

"அப்ப இவன் பிள்ளையின்ரை தலையிலை எதை ஊத்தினவன்?"

"கடல் தண்ணியைத்தான் சாமி அள்ளிக்கொண்டு ஓடி வந்தவன். நான்தான் வேண்டாமெண்டு கத்தினன். பச்சை மண் சாமி, கண்ணுக்குள்ளை உப்புப் போனால் எரியுமெல்லோ? சாகிற பிள்ளையெண்டாலும் எரியும்தானே. மிச்சம் கிடந்த இளனியைக் குடுத்து, இதை ஊத்தடா எண்டன். அதுவும் நல்ல தண்ணிதானே சாமி? இதைவிடச் சுத்தமான தண்ணி இருக்கோ?"

பெரிய சாமி என் பக்கம் திரும்பினார்.

"இளனியோடா?"

"ஓம் சாமி."

"தண்ணி ஒரு சொட்டும் சேரேல்லை?"

"இல்லை சாமி."

"ஏனடா இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லை சாமி. மந்திரத்தைத்தான் கேட்டவை."

அவர் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். கோபமாக்கும் என்று தாய் அழத் தொடங்கினார். யன்னலால் நான் பார்த்தேன். முற்றத்தில் நின்று, மௌனம் காக்கவேண்டிய அந்த இடத்தில், துவாயை வாயில் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து விளக்கினார். ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் வேண்டும். கிணற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர், கடல் தண்ணீர் எதுவும் ஆகும். பாலும் ஆகாது, தேனும் ஆகாது, இளநீரும் ஆகாது. ஆகவே அன்றைக்கு நடந்தது ஞானஸ்நானம் அல்ல. ஞானஸ்நானம் இல்லையென்றால் ஞான உறவும் இல்லை. நான் அவளுக்கு ஞானத் தகப்பனும் இல்லை, ஒன்றும் இல்லை.

நான் யன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அதுவரை வாசலோடு நின்ற பிள்ளை அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அப்ப சாமி, இவ்வளவு காலமும் நான் ஆர்? சைவமோ?"

"நீ நல்ல பிள்ளை. ஆனால் ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை."

"நான் செய்த பாவசங்கீர்த்தனமெல்லாம் வீணோ?"

"வீணில்லை பிள்ளை. இப்ப ஞானஸ்நானம் எடுத்தால் பிறந்தது முதல் செய்த பாவம் முழுக்க ஒரேயடியாப் போயிடும். எங்களுக்கு ஆருக்கும் கிடையாத அதிட்டம்."

"சின்னனிலை வெள்ளைச் சட்டை போட்டு எடுத்த புதுநன்மை?"

"அதுவும் திரும்ப எடுக்கவேணும்."

"அந்தச் சட்டை இப்ப எனக்கு ஒரு கைக்குத்தான் காணும் சாமி."

தாய் அழுகையின் நடுவிலேயே சிரித்துவிட்டார். தமையன் மட்டும் என்னை முறைத்தார். "உவன் அண்டைக்கே வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், உந்தக் கூத்தெல்லாம் தேவையோ? ஊமைக் கணவாய்!"

"அண்டைக்கே சொல்லியிருந்தால் அண்டைக்கே சாமியார் திரும்ப ஊத்தியிருப்பார். இண்டைக்குச் சிரிக்க ஒண்டும் இருந்திராது" என்றார் பெரிய சாமி.

ஆனாலும் அது அவருடைய தீர்ப்பால் முடிகிற காரியம் அல்ல. பங்குச் சாமியாருக்கு மேற்றிராணியாரின் சொல் வேண்டும். பெரிய சாமி தாயையும் என்னையும் வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணவைத்து, நாங்கள் சொன்னதைத் தன் கையால் எழுதி எடுத்துக்கொண்டார். மறுநாள் மேற்றிராணியாரின் வீட்டுக்குப் போனோம். வாசலுக்கு எதிரே வாகை மர நிழலில் காரை விட்டுவிட்டு நான் இருந்தேன். வெகுநேரம் ஆனது. எஞ்சினைத் திறந்து துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன். இங்கே இல்லை என்றுவிட்டால் அவளுக்கு அந்த வள்ளக்காரன்தான். அதைத் தவிர வேறொன்றும் மனதில் ஓடவில்லை.

பெரிய சாமி படியில் வந்து நின்றார். பக்கத்தில் இரண்டு குருமார் அவரோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கூப்பிட அவரால் முடியவில்லை. கதைத்தபடியே என்னைப் பார்த்து, உள்ளங்கையை வயிற்றில் வைத்தார்.

போதும். நிறைந்துவிட்டது.

காருக்குள் ஏறி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். அவர் வந்து ஏறியதுகூடத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் அவர் வழக்கத்துக்கு மாறாக நித்திரை கொள்ளவில்லை. ஒல்லாந்தர் காலத்தைப் பற்றிக் கதைத்தார். அப்போது எங்கள் குருமாரை நாட்டுக்குள் விடவில்லை. தலைமுறையாகக் குருவானவரைக் காணாத கரைகள் இருந்தன. ஊர் மூப்பர்தான் மறைவாக ஞானஸ்நானம் கொடுத்தார். "அந்த மூப்பர்மாரைப் பற்றி ஒரு அதிகாரம் எழுதி முடிச்சிட்டன். இப்பதான் யோசிக்கிறன். அவங்கள் அவசரத்துக்கு எதை எதை ஊத்தினாங்களோ? அந்தப் பிள்ளைகளின்ரை பிள்ளைகள்தானே நாங்கள் எல்லாரும்." முகம் வாடியிருந்தது. பிறகு தானே சொன்னார்: "ஆண்டவர் எங்களைப்போலச் சட்டம் பாக்கிற ஆளில்லை. கண் எரியுமெண்டு தாய் பயந்ததை அவர் பாத்திருப்பார்." அதற்குப் பிறகுதான் நித்திரையானார்.

ஞானஸ்நானத்தை மடத்துச் சிறு கோயிலில் அவரே கொடுத்தார். நான் உள்ளே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நீ கிட்ட நில்லாதை. ஞானத் தகப்பனெண்டு ஆரும் உன்னைப் பிடிச்சு நிப்பாட்டினால் திரும்பவும் வில்லங்கம்." வெங்காயத் தோட்டத்தில் நின்றேன். உள்ளே இருந்து தாயின் குரல் மட்டும் கேட்டது: "சாமி, அது கிணத்துத் தண்ணிதானே? நல்லா ஊத்துங்கோ சாமி, நனைஞ்சால் பரவாயில்லை." அவளுக்கு ஞானத்தாயாக நின்றது அவள் தையல் படிப்பித்த மடத்துக் கன்னியர்களில் ஒருவர். வெளியே வந்தபோது அவள் தலையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தாய் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பெரிய சாமி ஒரு செம்பு முழுவதையும் ஊற்றியிருந்தார்.

அடுத்த ஞாயிறு, மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டிய எங்கள் கலியாண ஓலை முதல் தடவையாகப் பங்குக் கோயிலில் வாசிக்கப்பட்டது. இன்ன இடத்து இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, இவர்களுக்குள் ஏதாவது தடை இருப்பதாக அறிந்தவர்கள் அறிவிக்கவேண்டும் என்று பங்குச் சாமியார் வாசித்தார். வாசித்துவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினார். கரை முழுவதற்கும் இளநீர்க் கதை தெரியும். யாராவது ஒருவர், ஏதாவது ஒன்று. யாரும் எழும்பவில்லை. இரண்டாம் ஞாயிறும் அப்படியே போனது.

மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு, தபசு காலத்துக்கு முந்தின கடைசி ஞாயிறு. கோயில் நிறைந்திருந்தது. ஆண்கள் பக்கத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் மூத்த தமையன், அவருக்குப் பக்கத்தில் அந்த வள்ளக்காரன். சாமியார் வாசித்தார். தடை அறிந்தவர்கள் என்ற இடம் வந்தது. நிறுத்தினார். தமையன் ஒருமுறை தன் சிநேகிதனைப் பார்த்தார். சிநேகிதன் தோளைக் குலுக்கினான். எங்கோ ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது. தமையன் பீடத்தைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டார்.

சாமியார் கடதாசியை மடித்தார்.

அந்த அமைதியில், பெண்கள் பக்கத்தில் இருந்து என் மாமியின் குரல் கோயில் முழுவதும் கேட்டது.

"அப்பாடா!"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு ஓடியது. சட்டம் பார்க்கிற அந்தப் பங்குச் சாமியாரே முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடத்தின் பக்கம் குனிந்தார். தமையன் தலையைப் பிடித்துக்கொண்டு, "இந்த அம்மா" என்றார். நான் எப்போதும் நிலத்தைப் பார்த்தபடிதான் பூசை காண்பவன். அன்று நிமிர்ந்து பெண்கள் பக்கம் பார்த்தேன். அவள் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு, தாயின் தோளில் சாய்ந்து, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.